வில்பர்த் போட்ட வேலி

வில்பர்த்துக்கு வேலி போடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவன் வாயிலிருந்து அந்த உண்மை வரவே வராது. ரொட்டிக்கடைப் பிள்ளை அவன். அப்பா ரொட்டி சுடுவார், சித்தப்பா ரொட்டி சுடுவார், இவன் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சான் ஹெர்வாசியோ ஊரின் மேட்டுத் தெருக்களில் ஹாரன் அடித்தபடியே விற்றுக்கொண்டு போவான். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வான்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள் காலையில் பெரியவர் எலாதியோவின் முன்னால் நின்று, "வேலிதானே? நான் போட்டுத் தர்றேன்" என்று மார்தட்டினான் என்றால், அதற்கு ஒரே காரணம் யோர்லெனி.

யோர்லெனி எலாதியோவின் மகள், மருந்துக்கடையில் வேலை. பார்க்க லட்சணமான பெண்தான், ஆனால் ஊர் முழுக்க அவளைத் தெரிந்திருந்தது அவள் சிரிப்பால். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மருந்துக்கடைக்குள் அவள் சிரித்தால், எதிரே கோவில் வாசலில் நிற்பவர்களுக்கும் காரணம் தெரியாமலே சிரிப்பு வந்துவிடும். வில்பர்த் அந்தச் சிரிப்பில்தான் விழுந்தான். அவளும் அவனுடைய ஹாரன் சத்தத்துக்குக் காது கொடுக்க ஆரம்பித்து நாளாயிற்று.

இந்தக் காலத்தில் மற்றவர்களாக இருந்தால் கையைக் கோத்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விடுவார்கள். எலாதியோ வீட்டில் அதெல்லாம் நடக்காது. பையன் இஸ்திரி போட்ட சட்டையோடு வர வேண்டும். அப்பா எதிரே உட்கார்ந்து, உங்கள் பெண்ணைப் பார்க்க வீட்டுக்கு வந்துபோக அனுமதி கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கொடுத்தால் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் வந்து கூடத்தில் உட்காரலாம். பெண் ஒரு மூலை, பையன் ஒரு மூலை, நடுவில் அம்மா பின்னல் வேலையோடு. ஊரில் எல்லோரும் மறந்துவிட்ட வழக்கம். எலாதியோ மட்டும் மறக்கவில்லை.

எலாதியோ ஒன்று சொன்னால் சொன்னதுதான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கால்பந்தில் எங்கள் அணி கோப்பை ஜெயிக்கிறவரை தாடி எடுக்க மாட்டேன் என்று ஒருமுறை மளிகைக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டார். அந்தப் பாழாய்ப்போன அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. தாடி மார்பைத் தொட்டுவிட்டது. சூப் குடிக்கும்போது அதை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்கிறார், எடுக்க மட்டும் மாட்டேன் என்கிறார்.

அவர் ஆயுசு முழுக்கச் சேர்த்து மேட்டில் ஒரு புது வீடு கட்டியிருந்தார். சுவரில் பெயிண்ட் வாசனை போகவில்லை. அவர் மனைவி ஒதிலியா தினமும் போய்ச் சிவப்பு மெழுகு போட்டு முட்டிக்கால் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சனிக்கிழமை பாதிரியார் வந்து வீட்டை ஆசீர்வாதம் பண்ணுவதாக ஏற்பாடு. அதுவரை எல்லோரும் கீழ்த்தெரு வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். ஒரே ஒரு குறை, பின்பக்கத் தோட்டத்துக்கு வேலி இல்லை. தோட்டத்தை ஒட்டி எலாதியோவின் பழைய சிநேகிதர் பெலார்மினோவின் மேய்ச்சல் நிலம். ஒதிலியா ஆசை ஆசையாக நட்ட சௌசௌ கொடி தளிர்விட்டுப் படர ஆரம்பித்திருந்தது. வேலிக்காரனோ, நாளைக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன் என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடுவியாடா?" என்றார் எலாதியோ, ரொட்டியை வாங்கிக்கொண்டே.

"என்னய்யா இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க வம்சமே வேலி போடற வம்சம்!"

"உங்க அப்பன் ரொட்டி சுடறவன்டா."

"அது தொழில். வேலி எங்க ரத்தத்துல ஊறினது."

ஜன்னலுக்குப் பின்னால் யோர்லெனி சிரிக்கும் சத்தம் கேட்டது. வில்பர்த்துக்கு அது போதும். சனிக்கிழமை ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் காபி குடிக்கும்போது அனுமதி கேட்டுவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டான். வேலியைப் பார்த்துப் பூரித்து நிற்கிற மனுஷன் இல்லை என்றா சொல்லிவிடப்போகிறார்?

அந்தப் பக்கத்தில் வேலிக்கால் என்றால் முள்முருங்கைதான். பச்சைக் கொம்பை வெட்டி நட்டால் வேர் பிடித்துத் தழைத்து, வேலியே மரவரிசை ஆகிவிடும். ஆனால் தேய்பிறையில் வெட்ட வேண்டும். வளர்பிறையில் வெட்டினால் தண்ணீர் ஏறிக் கொம்பு அழுகிப்போகும், தளிர்க்காது என்பார்கள். அது அங்கே பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

பெலார்மினோதான் தன் நிலத்து மரங்களில் வெட்டிக்கொள்ளச் சொன்னார். சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"தம்பி, வளர்பிறைடா இது."

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சும் வெட்டறியே?"

"சனிக்கிழமைக்குள்ள முடிக்கணும்ண்ணே. நிலா எனக்காகக் காத்திருக்குமா?"

"நிலா காத்திருக்காதுதான். நீதான்டா காத்திருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே பெலார்மினோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். பலோமா என்று பேர் அந்த மாட்டுக்கு. புறா என்று அர்த்தம். அவ்வளவு பெரிய புறாவை உலகத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது.

வெட்டுகிறவரைக்கும் சரிதான். வெட்டின கொம்புகளை வில்பர்த் ஒரே குவியலாகப் போட்டுவிட்டான். மறுநாள் எடுத்துப் பார்த்தால் எது அடி, எது நுனி என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முள்முருங்கைக்கே தெரியும், அது பார்த்துக்கொள்ளும் என்று கைக்கு வந்தபடி நட்டுவிட்டான். குழியும் ஆழம் போதாது. பாறை தட்டின இடத்தில் நகர்த்தி நட்டான். மரவேர் இருந்த இடத்தில் சுற்றிக்கொண்டு போனான். வேலி அப்படியே குடிகாரன் வீடு திரும்புகிற வழி மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. ஒரு கொம்பு இடப்பக்கம் சாய்ந்தது. அடுத்ததை வலப்பக்கம் சாய்த்து நட்டு முள்கம்பியால் இரண்டையும் இழுத்துக் கட்டினான். இப்படியே ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு மொத்த வேலியும் எப்படியோ நின்றது. கோஸ்ட்டா ரிக்கா முழுக்கத் தேடினாலும் இன்னொன்று அப்படிக் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி இடைவெளி மட்டும் பாக்கி. வில்பர்த் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், தோட்டத்துக்குள் ஒரு மாடு நிம்மதியாக நின்று சௌசௌ கொடியை மென்றுகொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பார்கள். வில்பர்த் யோசித்தான். புது வீடு கட்டினால் பின்னால் ஒரு மாடு கட்டணும் என்று எலாதியோ வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். ஆஹா, வாங்கிவிட்டார்! ஆசீர்வாதத்துக்கு மாட்டையும் சேர்த்து ஏற்பாடு பண்ணியிருக்கிறார்! பெலார்மினோவின் மாட்டை அவன் தினமும் பார்க்கிறவன்தான். ஆனால் ரொட்டி விற்கிறவனுக்கு மாடு என்றால் எல்லாம் ஒரே மாடு. அதை மூலைக் கொம்பில் பத்திரமாகக் கட்டினான், வாளி நிறையத் தண்ணீர் வைத்தான், கழுத்தைத் தடவிக்கொடுத்தான். கடைசிக் கம்பியையும் இழுத்து அடித்துவிட்டு, கையில் இருந்த சாவியால் சமையலறைக் கதவைத் திறந்து வீட்டுக்குள் புகுந்து முன்பக்கமாக வெளியே வந்தான். அத்தனை நாளும் அப்படித்தான் வந்துபோய்க்கொண்டிருந்தான். அதனால்தான் வேலிக்குத் திறந்து மூட ஒரு படல் வைக்க வேண்டும் என்கிற ஞாபகமே அந்த மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் காலை ரொட்டி விற்கப் போகும்போது பெலார்மினோ தலைவிரிகோலமாக எதிரே வந்தார்.

"டேய் வில்பர்த், தெருவுல எங்கயாவது என் மாட்டைப் பாத்தியா?"

"தெருவுல ஒரு மாடும் இல்லியேண்ணே."

"ராத்திரி வீட்டுக்கே வரலடா. எவனோ ஓட்டிட்டுப் போயிட்டான்!"

"அடப்பாவிகளா! கவலைப்படாதீங்கண்ணே, நான் எல்லாத் தெருவுலயும் பாக்கறேன்" என்று சொல்லி, பாவம், உண்மையாகவே எல்லாத் தெருவிலும் ஹாரன் அடித்துத் தேடினான்.

மத்தியானம் புது வீட்டில் ஜே ஜே என்று கூட்டம். பாதிரியார் ஒவ்வொரு அறையாக ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். ஒதிலியா எல்லோரையும் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வைத்திருந்தாள், பாதிரியாரையும் சேர்த்துத்தான். மெழுகுத் தரையில் எல்லோரும் வழுக்கிவிடாமல் வாத்து மாதிரி நடந்தார்கள். வில்பர்த் இஸ்திரிச் சட்டையில், கேட்க வேண்டியதை உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டே மூலையில் நின்றான். அடுத்த மூலையிலிருந்து யோர்லெனி கண்ணைக் காட்டினாள். மாட்டைத் தேடித் தேடி அலுத்துப்போய் பெலார்மினோவும் வந்து காபிக்குக் காத்திருந்தார்.

"இனிமே தோட்டத்தையும் ஒரு வாட்டி ஆசீர்வாதம் பண்ணிடுங்க சாமி" என்று எலாதியோ தாடியைத் தடவிக்கொண்டு சமையலறைக் கதவைத் திறந்தார். "நம்ம பையன்தான் வேலி போட்டான்."

கதவுக்கு வெளியே பலோமா நின்றது. கட்டின கயிறு எப்போதோ அவிழ்ந்துவிட்டது. சௌசௌ கொடி இல்லை. கொத்தமல்லி இல்லை. ஒதிலியா வைத்திருந்த ரோஜாவில் தண்டு மட்டும் இருந்தது. மாடு பாதிரியாரைப் பார்த்து, ம்மா என்றது.

"பலோமா!" என்று பெலார்மினோ அலறினார். "எலாதியோ! நீயாய்யா ஓட்டிட்டு வந்தே? நாப்பது வருஷப் பழக்கம்யா நமக்கு!"

"நானா? எனக்கு என்ன தெரியும்? இது எப்படி இங்க வந்துச்சு?"

எல்லோரும் வில்பர்த்தைப் பார்த்தார்கள். அவன் திருதிருவென்று விழித்தான். "நீங்க வாங்கின மாடுன்னு நெனச்சேன்யா... தண்ணிகூட வெச்சேனே" என்றான்.

"என் கொடி! என் கொடி போச்சே!" என்று ஒதிலியா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சரி சரி, மாட்டை வெளிய ஓட்டுங்க. படலைத் திறடா" என்றார் எலாதியோ.

வில்பர்த் வேலியைப் பார்த்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான்.

"படலே வெக்கலியாடா?" எலாதியோவின் குரல் கம்மிப்போயிற்று. "சரி, கம்பியைப் பிடுங்கு."

அவரே போய் ஒரு ஆணியைத்தான் தளர்த்தினார். பக்கத்துக் கொம்புகள் எல்லாம் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு சேர்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்தன. "தொடாதீங்கய்யா! ஒண்ணைத் தொட்டா எல்லாம் விழுந்துடும்!" என்று வில்பர்த் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான். முள்கம்பி அறுந்து யார் கண்ணிலாவது அடித்துவிடப்போகிறது என்று பாதிரியார் பயந்தார். வீட்டு வழியாகவே ஓட்டிவிடலாமே என்று அவர்தான் யோசனை சொன்னார்.

"என் தரை மேலயா?" என்று ஒதிலியா எழுந்தாள். ஆனால் வேறு வழி இல்லை.

பெலார்மினோ மாட்டின் கொம்பைப் பிடித்து இழுத்தார், எலாதியோ பின்னாலிருந்து தள்ளினார். பலோமா சமையலறையை ஒழுங்காகத்தான் தாண்டியது. கூடத்தில் மெழுகில் குளம்பை வைத்ததும் முன்கால் இரண்டும் இரண்டு திசையில் போயின. மாடு அப்படியே வயிற்றால் சறுக்கிக்கொண்டு சோபாவரை போய் நின்றது. எழுந்தது. மறுபடி சறுக்கியது. கையை ஊன்ற இடம் தேடி பாதிரியார் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார், மாட்டோடு அவரும் கொஞ்ச தூரம் போனார். மேஜையில் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த ரொட்டித் தட்டு கண்ணில் பட்டதும் பலோமா நின்று நிதானமாகப் பாதியைத் தின்றது. கடைசியில், வாசலுக்கு ஒரு அடி இருக்கும்போது, புது வீட்டின் பளபளக்கிற தரையில் சாணியைப் போட்டுவிட்டு வெளியே இறங்கிப்போயிற்று.

முதலில் யோர்லெனிதான் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிய வழிய சிரித்தாள். பாதிரியாருக்கும் உதடு துடித்தது. பின்னாலிருந்து இரண்டு பேர் களுக்கென்று ஆரம்பித்துவிட்டார்கள்.

எலாதியோவின் முகம் தாடிக்கு மேலே இருந்த கொஞ்ச இடம் முழுக்கச் சிவந்தது. "ஐயா, நான் வந்து... உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு..." என்று வில்பர்த் ஆரம்பித்தானே பார்க்க வேண்டும். நேரம் காலம் தெரியாத ஜென்மம்!

"கேக்கறியா? நீ என்ன கேக்கப்போறேன்னு எனக்குத் தெரியும்டா!" என்று எலாதியோ கத்தினார். "வளர்பிறையில வெட்டி, தலைகீழா நட்டு வெச்சிருக்கியே, அந்தக் குச்சில ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒரு தளிர் விடட்டும். அன்னைக்கு வந்து என் கூடத்துல உக்காரு. அதுவரைக்கும் ரொட்டியை வாசல்லயே குடுத்துட்டுப் போ!"

பாதிரியார் முன்னால், ஊர் முன்னால் சொல்லிவிட்டார். எல்லோர் கண்ணும் ஒரு நிமிஷம் அந்தத் தாடிக்குப் போய்த் திரும்பியது. யோர்லெனியின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அப்புறம் வில்பர்த் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! கோடைக்காலம் வேறு. தினமும் மேட்டில் ரொட்டி கொடுக்கும்போது வண்டியை மெதுவாக ஓட்டி, வேலியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். கொம்புகள் காய்ந்த எலும்பு மாதிரி நின்றன. "என்னடா, மாப்பிள்ளைக்கு இலை விட்டுச்சா?" என்று மளிகைக்கடையில் கேட்பார்கள். "நிலா எனக்காகக் காத்திருக்குமான்னு கேட்டியே, இப்ப யாருடா காத்திருக்கறது?" என்று பெலார்மினோ பல்லைக் காட்டுவார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கொத்தமல்லிக் கீரையைச் சூயிங்கம்மில் ஒட்டி, எட்டுகிற கொம்பு ஒன்றின் தலையில் வைத்துவிட்டு வந்தான். மறுநாள் ஆவலோடு போய் நின்றான்.

"தளிர் ஏதாவது தெரிஞ்சுதாய்யா?"

"தளிரா? நல்ல கொத்தமல்லி ஒண்ணு மொளச்சிருந்துச்சு" என்றார் எலாதியோ முகத்தை அசைக்காமல். "முட்டைல போட்டுச் சாப்பிட்டேன். கொஞ்சம் புதினா வாசம் அடிச்சுது."

அதைச் சொன்னால் யோர்லெனி விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்து, மருந்துக்கடைக்குப் போய்ச் சொன்னான். அவள் லேசாக உதட்டை அசைத்தாள், அவ்வளவுதான். பேசாமல் விட்டுவிடலாமா, இன்னொருவன் வந்து ஒழுங்காகப் படல் வைத்த வேலியாகப் போட்டுக் கட்டிக்கொண்டு போகட்டுமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே அந்த இன்னொருவன்மேல் கோபம் கோபமாக வந்தது.

சரி, தண்ணீராவது ஊற்றிப் பார்ப்போம் என்று, எலாதியோ தூங்குகிற மத்தியான நேரமாகப் பார்த்து, பாட்டில்களில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு மேய்ச்சல் நிலத்து வழியாகப் போனான். போனால் கொம்புகளின் அடியில் மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. யோர்லெனியாக இருக்குமா? அவள் இந்நேரம் கடையில் இருப்பாள். கொடியைப் பறிகொடுத்த ஒதிலியா குச்சிக்கு வெந்நீர் வேண்டுமானால் ஊற்றுவாள். யோசித்துக்கொண்டே நிற்கும்போது சமையலறைக் கதவு திறந்தது. எலாதியோ பனியனோடு, கையில் காபிக் கெண்டியோடு, பூனை மாதிரி அடிமேல் அடி வைத்து வந்தார். மூலைக் கொம்பின் அடியில் குனிந்து தண்ணீரை ஊற்றினார். நிமிர்ந்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் வில்பர்த்.

"சௌசௌ கொடிக்கு ஊத்தறேன்" என்றார் எலாதியோ.

"கொடியைத்தான் மாடு தின்னுடுச்சேய்யா."

"வேர் இருக்கும்ல?"

"அது அந்தக் கோடியில இருந்துச்சுய்யா."

எலாதியோ கெண்டியைக் கீழே வைத்தார். தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"வீட்ல சத்தமே இல்லடா" என்றார். "பொண்ணு பேசறா, பேசாம இல்ல. 'காபி வேணுமாப்பா'ன்னு மரியாதையாத்தான் கேக்கறா. ஆனா சிரிக்க மாட்டேங்கறாடா. பெரிய வீடா கட்டிட்டேன், சத்தமே இல்லாம என்னவோ மாதிரி இருக்கு. ரேடியோவை எவ்வளவு பெருசா வெச்சாலும் நிறைய மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குடா."

வில்பர்த் கம்பிப்பக்கம் நெருங்கினான். "அப்ப வந்துபோடான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்யா."

"எப்படிச் சொல்றது? சாமியார் முன்னாடி சொன்னேனே! ஊரே கேட்டுச்சே!" எலாதியோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாம் உன்னாலதான்டா. ஒரு குச்சியையாவது நேரா நட்டிருக்கக் கூடாதா? ஒண்ணே ஒண்ணு?"

அன்றிலிருந்து இரண்டு பேரும் கூட்டாளிகள். மத்தியானம் ஆனால் அவர் உள்ளே கெண்டியோடு, இவன் வெளியே பாட்டிலோடு. ஒருத்தர் பக்கத்துக் கொம்பை இன்னொருத்தர் எட்டிப் பார்த்துக் குறை சொல்வது. முட்டை ஓடு போட்டால் நல்லது என்பார் அவர், காபிச் சக்கை போட்டால் நல்லது என்பான் இவன். ஒருநாள் எலாதியோ கொம்பிடம் குனிந்து ரகசியமாகக் கெஞ்சியதைக்கூட வில்பர்த் கேட்டான். கேட்காத மாதிரி இருந்துவிட்டான்.

எத்தனை நாள் ஆயிற்றோ, ஒரு மத்தியானம் இவன் நிலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து ஒரு கத்தல்.

"வில்பர்த்! டேய் வில்பர்த்! வந்துடுச்சுடா! ஓடிவா!"

வில்பர்த் பாட்டிலை எறிந்துவிட்டு ஓடினான். மூலைக் கொம்பில்தான், ஆசீர்வாதத்துக்கு முந்தின ராத்திரி முழுக்கப் பலோமா பக்கத்திலேயே நின்று வேண்டிய அளவுக்கு உரம் போட்ட அதே கொம்பில், பட்டையைப் பிளந்துகொண்டு விரல்நகம் அளவுக்கு ஒரு பச்சை. தலைகீழாக நட்டதால் தரையைப் பார்த்து வளைந்து தொங்கியது. எலாதியோ கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். வில்பர்த்துக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

"யாரையாவது கூப்பிடு! சாட்சி வேணும்! பெலார்மினோவைக் கூப்பிடு!"

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் பெலார்மினோ சத்தம் கேட்டு வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பலோமா வந்துகொண்டிருந்தது. பழகின இடம் ஆயிற்றே, நேராக மூலைக்குத்தான் வந்தது. கோடை முழுக்கக் காய்ந்த புல்லைத் தின்ற மாட்டுக்கு உலகத்தில் அந்த ஒரு பச்சைதான் கண்ணில் பட்டது.

"பிடிடா! மாட்டைப் பிடி!" என்று எலாதியோ கத்தினார். வில்பர்த் அதன் வாலைப் பிடித்தான். வாலைப் பிடித்து எந்த மாடு நின்றிருக்கிறது? எலாதியோ கம்பிமேல் பாய்ந்து இரண்டு கையாலும் அதன் மூக்கைத் தள்ளினார். தாடி முள்கம்பியில் மாட்டிக்கொண்டது. பலோமா நாக்கை நீட்டியது, நீளமான, அவசரமில்லாத நாக்கு. ஒரு சுழற்று, தளிர் உள்ளே போயிற்று. அடுத்த நிமிஷம் கொம்பு சாய்ந்தது, அதன் பக்கத்துக் கொம்பு சாய்ந்தது, ஒன்றன் பின் ஒன்றாக மொத்த வேலியும் அந்தக் கோடிவரை சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. எலாதியோவும் தாடியோடு சேர்ந்து அதன்மேல் படுத்தார்.

ஒதிலியா வெளியே ஓடிவந்தாள். சாப்பாட்டுக்கு வந்திருந்த யோர்லெனி பின்னாலேயே வந்தாள்.

"தளிர் விட்டுச்சு!" என்றார் எலாதியோ படுத்தபடியே. "நான் பாத்தேன்! இவனும் பாத்தான்!"

"எங்கய்யா? காட்டு" என்றார் பெலார்மினோ.

"உன் மாட்டு வயித்துல!"

"ஏம்ப்பா எலாதியோ," பெலார்மினோ குனிந்து அவரைப் பார்த்தார், "சொன்ன சொல்லுல இருந்து நழுவறதுக்கு இப்படி ஒரு கதையா? நீயா?"

சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரில் பேர் எடுத்த மனுஷன், முதல்தடவையாக என் சொல்லை நம்பு என்று இன்னொருத்தன் காலடியில் கெஞ்ச வேண்டிய நிலைமை. "சத்தியமா இருந்துச்சுப்பா" என்றார். குரல் உடைந்துவிட்டது. "பச்சையா, இத்துனூண்டு. கீழ பாத்து தொங்கிச்சு. என் பொண்ணு மேல ஆணை."

பெலார்மினோ அவரையே பார்த்தார். அப்புறம் பலோமாவின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, உள்ளே தலையை விடாத குறையாக எட்டிப் பார்த்தார். வாய் முழுக்கக் காய்ந்த புல்தான் இருந்தது. நிமிர்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"ஆமாம்ப்பா," என்றார், "பல் இடுக்குல பச்சை தெரியுது. நான் சாட்சி."

ஒதிலியாதான் கத்தரிக்கோல் கொண்டுவந்து, கம்பியில் மாட்டின தாடியைப் பாதியோடு வெட்டி அவரை விடுவித்தாள். அணி இன்னும் ஜெயிக்கவில்லையே என்று அவர் முனகினார். மாடுதான் வெட்டினது என்று சொல்லிக்கொள், அதற்கும் பெலார்மினோ சாட்சி சொல்வான் என்றாள் அவள்.

"புதன்கிழமை ஆறு மணிக்கு வா" என்றார் எலாதியோ வில்பர்த்திடம், உடம்பைத் தட்டிக்கொண்டே. "முன்வாசல் வழியா வா. வேலியை மட்டும் இனிமே தொடாதே."

புதன்கிழமை வில்பர்த் இஸ்திரிச் சட்டையும் சுடச்சுட ரொட்டியுமாக வாசலில் நின்றான். செருப்பைக் கழற்றினான். ஒதிலியா அன்று பார்த்து ஒருமுறைக்கு இரண்டு முறை மெழுகு போட்டிருந்தாள். கூடத்தின் ஒரு மூலையில் யோர்லெனி, நடுவில் பின்னலோடு அம்மா, எதிரே ரேடியோ பக்கத்தில் பாதித் தாடியோடு எலாதியோ. உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டே வில்பர்த் முதல் அடியை உள்ளே வைத்தான். இரண்டு காலும் இரண்டு திசையில் போயின. ரொட்டி ஒரு பக்கம் பறந்தது, இவன் முதுகால் சறுக்கிக்கொண்டு சோபாவரை போய் எலாதியோவின் காலில் முட்டி நின்றான்.

"மாடு இதைவிட நல்லா நடந்துச்சு" என்றார் எலாதியோ.

அவ்வளவுதான், யோர்லெனிக்கு வந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட முட்டச் சிரித்தாள். புது வீட்டின் சுவரெல்லாம் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. தெருவில் போன யாரோ காரணம் தெரியாமல் சிரிப்பதும் கேட்டது. வில்பர்த் எழுந்திருக்கவில்லை. தரையில் கிடந்தபடியே மேலே பார்த்தான். எலாதியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டி ரேடியோவை நிறுத்திக்கொண்டிருந்தார்.